சரிசமமாகச் சந்திக்கும் பிள்ளைகள்

1962 செப்டம்பர் 9 அன்று ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் அரண்மனை வளாகத்தில் திரண்டிருந்த இளைஞர்கள் முன்னால் பிரான்ஸின் குடியரசுத் தலைவர் சார்ல் து கோல் ஜெர்மன் மொழியிலேயே உரையாற்றினார். முதல் உலகப் போரில் வெர்டன் களத்தில் பிடிபட்டு ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில், தன் நாட்டை ஆக்கிரமித்த ஜெர்மனிக்கு எதிரான போராட்டத்தை லண்டனிலிருந்து நடத்தியவர். 1870, 1914, 1939 என எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை மோதிக்கொண்ட இரு நாடுகளின் பகையை ஒப்பந்தக் கையெழுத்துகளால் மட்டும் தீர்க்க முடியாது என்பதில் அவரும் ஜெர்மனியின் ஆட்சித் தலைவர் கொன்ராட் அடேனாவரும் ஒத்த கருத்தோடு இருந்தார்கள். 1963 ஜனவரி 22 அன்று இருவரும் எலிஸே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 5 அன்று பிரெஞ்சு–ஜெர்மன் இளைஞர் அலுவலகம் பிறந்தது. அன்று தொடங்கி இன்றுவரை ஏறக்குறைய ஒரு கோடி இளையோர் அதன் திட்டங்களின் வழியே எல்லை தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் பள்ளி மாணவர்கள். 1991-இல் ஜெர்மனியும் போலந்தும் இதே முறையில் ஒரு பொது அலுவலகத்தை அமைத்தன. அதன் வழியாகச் சந்தித்துக்கொண்டவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல்.

இரு நாடுகளுக்கிடையே தொடங்கிய இந்த வழக்கம் பிறகு கண்டம் தழுவிய ஏற்பாடாக வளர்ந்தது. பல்கலைக்கழக மாணவர்களுக்கான எராஸ்மஸ் திட்டம் 1987-இல் வந்தது. பள்ளிகளுக்கான கொமேனியஸ் திட்டம் 1995-இல் தொடங்கியது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மொராவியாவில் பிறந்து, ஏழை பணக்காரர், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டும் என்று வாதாடிய கல்வியாளர் யான் ஆமோஸ் கொமேனியஸின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 2014-இல் இவையெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் என்ற ஒரே குடையின்கீழ் வந்தன. 2021 முதல் 2027 வரையிலான ஏழாண்டுகளுக்கு இதன் நிதி ஏறத்தாழ 2,600 கோடி யூரோ. நடைமுறை எளிமையானது. பள்ளி தன் நாட்டின் தேசிய முகமையிடம் விண்ணப்பிக்கும். பயணத்துக்கும் தங்குவதற்குமான பணம் பள்ளிக்கே வந்துசேரும். குழுவாகப் போகும் மாணவர்கள் 2 நாள் முதல் 30 நாள் வரை இன்னொரு நாட்டுப் பள்ளியில் இருக்கலாம். தனியாகப் போகிறவர் ஓராண்டுவரைகூடத் தங்கிப் படிக்கலாம். இரண்டு மூன்று நாடுகளின் பள்ளிகள் சேர்ந்து குடிநீர், இடப்பெயர்வு, ஆண்–பெண் சமத்துவம், இனப் பாகுபாடு என்று ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்கின்றன. சில மாதங்கள் தத்தம் ஊரிலிருந்தே வேலை செய்துவிட்டுப் பிறகு நேரில் சந்தித்து முடிக்கின்றன.

இவ்வளவு பணமும் உழைப்பும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கின்றன: பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பழகினால் புரிதல் வரும், புரிதல் வந்தால் ஏற்றத்தாழ்வு குறையும். கேட்பதற்கு நன்றாக இருக்கும் இந்த நம்பிக்கையில் வரிசை மாறியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பழகிய பின் கிடைக்கும் பரிசாகச் சமத்துவத்தைப் பார்க்கிறோம். உண்மையில் அது பழக்கம் பலன் தருவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டிய ஏற்பாடு. சந்திப்பு சமமாக அமைந்த இடத்தில் இத்திட்டங்கள் பெரும் பலன் தந்திருக்கின்றன. அப்படி அமையாத இடத்தில் அவை சுற்றுலாவாகச் சுருங்கியிருக்கின்றன, சில சமயம் பழைய வெறுப்புக்குப் புதிய சான்று தேடித் தந்திருக்கின்றன. ஆகவே ஒரு பரிமாற்றத் திட்டத்தை மதிப்பிடும்போது எத்தனை பேர் போனார்கள் என்று மட்டும் எண்ணிப் பயனில்லை. யார் போனார்கள், யார் போகவில்லை, போனவர்கள் எந்த நிலையில் வைத்துச் சந்திக்கப்பட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

பழக்கத்துக்கும் முன்முடிவுக்கும் உள்ள உறவை அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் வெளியிட்ட முன்முடிவின் இயல்பு பற்றிய நூலில் ஆராய்ந்தார். அவர் முன்னால் இருந்தது அமெரிக்காவின் நிறவெறி. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஊரில்தான் வாழ்ந்தார்கள், அன்றாடம் பார்த்துக்கொண்டார்கள். ஆயினும் வெறுப்பு குறையவில்லை. ஏனென்றால் அந்தப் பழக்கம் முதலாளிக்கும் வேலைக்காரருக்கும் இடையிலான பழக்கமாக இருந்தது. வெறுப்பு கரைய வேண்டுமானால் நான்கு நிலைமைகள் வேண்டும் என்றார் ஆல்போர்ட். சந்திப்பவர்கள் அந்தச் சந்திப்பில் சம மதிப்போடு இருக்க வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான இலக்கு வேண்டும். அதைப் போட்டியிட்டு அல்லாமல் கைகோத்துச் செய்ய வேண்டும். அரசு, பள்ளி, சட்டம் போன்ற அதிகாரங்கள் அந்தப் பழக்கத்தை வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். ஐரோப்பியப் பள்ளிப் பரிமாற்றத்தில் நன்றாக நடந்த எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த நான்கும் ஏதோ ஒரு வடிவில் அதில் இருப்பதைக் காணலாம்.

இதற்கு முதல் மறுப்பு ஆய்வுலகத்திலிருந்தே வருகிறது. தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 38 நாடுகளில் நடந்த 515 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு பகுப்பாய்வு வெளியிட்டார்கள். அதில் அடங்கியவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். நூற்றுக்கு 94 ஆய்வுகளில், பழக்கம் கூடிய இடத்தில் முன்முடிவு குறைந்திருந்தது. ஆல்போர்ட்டின் நிலைமைகள் முழுமையாக இல்லாத இடங்களிலும் ஓரளவு பலன் தெரிந்தது. அப்படியானால் சமத்துவம் கட்டாயமில்லையே, வெறும் பழக்கமே போதுமே என்று கேட்கலாம். ஆனால் அதே பகுப்பாய்வு, அந்த நிலைமைகளை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட சந்திப்புகளில் பலன் தெளிவாகக் கூடுதலாக இருந்தது என்றும் காட்டுகிறது. மேலும் இது சராசரிக் கணக்கு. 2012-இல் ஃபியோனா பார்லோ குழுவினர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. கசப்பான ஒரு சந்திப்பு முன்முடிவைக் கூட்டும் வேகம், இனிய சந்திப்பு அதைக் குறைக்கும் வேகத்தைவிட அதிகம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. அவமானப்பட்டுத் திரும்பும் ஒரு குழந்தை, போகாமலே இருந்த குழந்தையைவிட அதிக வெறுப்போடு வளரக்கூடும்.

சமமான சந்திப்பு என்பது உயர்ந்த கொள்கையாக மட்டும் இருந்தால் பயனில்லை. அது வகுப்பறையில் ஒரு தாளாகவோ நாற்காலி வரிசையாகவோ மாற வேண்டும். பிரெஞ்சு–ஜெர்மன் சந்திப்புகளில் கையாளப்படும் இணைக் கற்றல் முறை அதற்கு நல்ல சான்று. ஒரு பிரெஞ்சு மாணவியும் ஒரு ஜெர்மன் மாணவனும் எதிரெதிரே உட்காருகிறார்கள். நடுவில் மடித்த ஒரு தாள், ஆளுக்கு ஒரு பக்கம். மாணவி பார்க்கும் பக்கத்தில், அவள் ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டிய வாக்கியத்துக்கான குறிப்பு பிரெஞ்சில் இருக்கும். மாணவன் பார்க்கும் பக்கத்தில் அதன் சரியான ஜெர்மன் வடிவம் இருக்கும். அவள் தட்டுத் தடுமாறிச் சொல்ல, அவன் திருத்துகிறான். அடுத்த வரியில் நிலைமை தலைகீழ். அவன் பிரெஞ்சில் திணற, திருத்துவது அவள் முறை. பாதி நேரம் ஒரு மொழி, மீதி நேரம் மற்ற மொழி. இந்த ஏற்பாட்டில் ஆசிரியர் இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. திணறுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவரே திருத்துகிறார், ஆகவே கேலிக்கு இடம் குறைகிறது. இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டால் வேலை சுலபமாக முடியுமே என்று தோன்றலாம். ஆனால் அப்போது ஆங்கிலம் நன்றாக வரும் வீட்டுப் பிள்ளையின் கை ஓங்கிவிடும். ஒருவரையொருவர் நம்பியிருக்க வேண்டிய தேவையும் போய்விடும்.

இதே சமநிலை நிர்வாகத்திலும் உண்டு. பிரெஞ்சு–ஜெர்மன் அலுவலகத்துக்கு இரு அரசுகளும் சமமாகப் பணம் தருகின்றன. ஒரு நாடு கொடுக்கும் கையாகவும் மற்றது ஏந்தும் கையாகவும் இல்லாததால், என்ன கற்பிப்பது என்பதையும் ஒரு தரப்பு மட்டும் முடிவு செய்ய முடியாது. இதன் விளைவுகளில் குறிப்பிடத்தக்க ஒன்று ஒரு பாடநூல். எலிஸே ஒப்பந்தத்தின் நாற்பதாம் ஆண்டில், 2003 ஜனவரியில் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளைஞர் மன்றம், இரு நாட்டுப் பிள்ளைகளும் படிக்க ஒரே வரலாற்று நூல் வேண்டும் என்று கேட்டது. 2006-இல் அதன் முதல் தொகுதி வந்தது. ஒரே உள்ளடக்கம், ஒன்று பிரெஞ்சில், மற்றது ஜெர்மன் மொழியில். பிறகு ஜெர்மனியும் போலந்தும் இதே வழியில் ஒரு பொது வரலாற்றுப் பாடநூலை உருவாக்கின. அதன் முதல் தொகுதி 2016-இல் வெளிவந்தது. பிரெஞ்சு–ஜெர்மன் நூலைப் பயன்படுத்திய பள்ளிகள் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். இரு நாட்டுப் பாடத்திட்டங்களும் தேர்வுகளும் வேறு என்பதால் பெரும்பாலான ஆசிரியர்கள் பழைய நூலிலேயே நின்றுவிட்டார்கள். ஆயினும், ஒருவரையொருவர் கொன்று குவித்த இரு நாடுகளின் வரலாற்றாசிரியர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, இரு தரப்பும் ஏற்கும் வகையில் அந்தக் கொலைகளைப் பற்றி எழுத முடிந்தது. அந்தக் கோரிக்கை மாணவர்களிடமிருந்தே எழுந்தது. சம உரிமையோடு பேசப் பழகியவர்களால்தான் அப்படிக் கேட்க முடியும்.

யார் போகவில்லை?

இனி, இத்திட்டங்களின் பலவீனமான பக்கத்துக்கு வருவோம். டச்சுப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஆய்வாளர் தெரேசா கூன் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில் எராஸ்மஸ் திட்டம் குறி தவறுகிறது என்று எழுதினார். பல்கலைக்கழக மாணவர்கள் ஏற்கெனவே பிற நாடுகளோடு நெருக்கம் உணர்கிறவர்கள். அவர்களை மேலும் அனுப்புவதால் கிடைக்கும் மாற்றம் சிறிது. எல்லை தாண்டிய அனுபவம் அதிகம் பயன்படக்கூடியவர்கள் உயர்கல்விக்குப் போகாதவர்கள், அவர்களோ திட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். பள்ளி மட்டத்திலும் இந்தக் குறை உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், பத்து வயதிலேயே, பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பள்ளிகளில்தான் இரண்டாம் அயல்மொழி வலுவாகக் கற்பிக்கப்படுகிறது, பரிமாற்றமும் அந்த மொழி வகுப்பை ஒட்டியே நடக்கிறது. ஆக, பத்து வயதில் விழுந்த கோடு பதினைந்து வயதில் யார் பாரிஸுக்குப் போவது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. இதை உணர்ந்துதான் எராஸ்மஸ் பிளஸ், வாய்ப்புக் குறைந்த மாணவர்களை அழைத்துப் போகக் கூடுதலாகும் உண்மைச் செலவு முழுவதையும் தரும் விதியைக் கொண்டுவந்தது. சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்குத் துணையாள் தேவையென்றால் அந்தச் செலவும் இதில் அடங்கும். விதி நல்லதுதான். ஆனால் விண்ணப்பம் எழுத நேரமும் ஆளும் உள்ள பள்ளிதான் அதைப் பெறும். ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் ஆசிரியருக்கு அந்த நேரம் இருப்பதில்லை.

பணத்தைப் போலவே ஆவணமும் பிள்ளைகளைப் பிரிக்கும். ஒரே வகுப்பில் படிக்கும் முப்பது பேரில் சிலர் அந்நாட்டின் குடிமக்களாக இருக்கமாட்டார்கள். 1980-கள் முதல் இலங்கையின் போரிலிருந்து தப்பி ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் தஞ்சம் புகுந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்படி அகதி அட்டையோடு பள்ளிக்குப் போனவர்கள்தாம். வகுப்பே எல்லை தாண்டிப் போகும்போது இவர்கள் மட்டும் விசாவுக்காகக் காத்து நிற்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994 நவம்பர் 30 அன்று எடுத்த முடிவு ஒரு நல்ல விடை. பள்ளி ஒரு படிவத்தில் போகும் மாணவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும். எங்கே, எப்போது, எதற்காகப் போகிறார்கள், உடன் போகும் ஆசிரியர் யார் என்று குறிக்கும். படமுள்ள அடையாள அட்டை இல்லாத பிள்ளையின் படம் அந்தத் தாளிலேயே ஒட்டப்படும். அந்த மாணவர் சட்டப்படி அந்நாட்டில் வசிப்பவர்தாம் என்று உரிய அரசு அலுவலகம் உறுதிசெய்து முத்திரை இடும். ஆசிரியரோடு குழுவாகப் போகும்வரை அந்தத் தாளே விசாவுக்கு ஈடு. சமத்துவம் குறித்த எத்தனையோ தீர்மானங்கள் செய்யாததை இந்த ஒரு படிவம் செய்கிறது. கூடப் படிக்கும் பிள்ளை பஸ்ஸில் ஏறும்போது இந்தப் பிள்ளையும் ஏறிவிடுகிறது. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாத பள்ளியில், அந்தப் பிள்ளை ஊரிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது தடை வீடு. பரிமாற்றத்தின் பழைய முறையில் ஒரு குடும்பம் அயல்நாட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும், பிறகு தன் பிள்ளையை அந்த வீட்டுக்கு அனுப்பும். மொழியும் உணவும் பழக்கவழக்கமும் நெருக்கமாகத் தெரியவரும் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் நான்கு பேர் இரண்டு அறையில் வசிக்கும் குடும்பத்துக்கு இது இயலாத காரியம். தனி அறை வைத்திருக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்ற கூச்சத்திலேயே பெற்றோர் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். இதற்கு அனுபவத்தில் கண்ட தீர்வு மூன்றாம் இடச் சந்திப்பு. இரு நாட்டுக் குழுக்களும் யார் வீட்டுக்கும் போகாமல், இளைஞர் விடுதி போன்ற பொது இடத்தில் ஒரு வாரம் சேர்ந்து தங்குகின்றன. அங்கே எல்லோரும் விருந்தாளிகள். கட்டிலும் சாப்பாடும் எல்லோருக்கும் ஒன்றே. வீட்டின் நெருக்கம் இதில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் வீட்டைக் காட்ட வெட்கப்படும் பிள்ளையும் வந்து கலந்துகொள்ள முடிகிறது என்பதை வைத்துப் பார்த்தால் அந்த இழப்பு சிறிது.

சொந்த ஊருக்குள் இருக்கும் சுவர்

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது. அண்டை நாட்டுப் பிள்ளையோடு கைகுலுக்கக் கற்றுத்தரும் பள்ளி, அண்டைத் தெருப் பிள்ளையை ஒதுக்கி வைத்திருந்தால் என்ன செய்வது? இது கற்பனைக் கேள்வி அல்ல. செக் குடியரசின் ஒஸ்ட்ராவா நகரில் ரோமா இனத்தைச் சேர்ந்த 18 பிள்ளைகள், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான தனிப் பள்ளிகளில் தாங்கள் சேர்க்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். அந்நகரில் ஒரு ரோமா குழந்தை அத்தகைய பள்ளிக்கு அனுப்பப்படும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 27 மடங்கு அதிகம் என்று அவர்கள் தரப்பு புள்ளிவிவரம் காட்டியது. 2007 நவம்பர் 13 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் எல்லாம் கற்பிக்கச் சொன்ன கொமேனியஸின் பெயரில் ஐரோப்பா முழுவதும் பள்ளிகள் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர் பிறந்த நாட்டிலேயே இது நடந்தது. பரிமாற்றத் திட்டங்கள் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்காமல் விடுவதோடு, ஒதுக்கும் பள்ளி அமைப்புக்கு நற்பெயரும் தேடித் தந்துவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. உள்ளூர்ப் பிரிவினையைத் தீர்ப்பது நீதிமன்றத்தின், சட்டத்தின், பள்ளிச் சேர்க்கை முறையின் வேலை. பரிமாற்றம் அதற்கு மாற்றாகாது. ஆனால் அந்த வேலையை நினைவூட்டும் பொறுப்பு அதற்கு உண்டு.

இந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றலாம் என்பதற்கு வட அயர்லாந்து வழிகாட்டுகிறது. அங்கே கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இரு சமூகத்தையும் ஒன்றாகப் படிக்கவைக்கும் முதல் ஒருங்கிணைந்த பள்ளியான லேகன் கல்லூரி 1981-இல் 28 மாணவர்களோடு தொடங்கியது. இன்றும் அத்தகைய பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 1990-களில் பரஸ்பரப் புரிதல் என்பது பாடங்களுக்கெல்லாம் பொதுவான கருப்பொருளாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் இரு சமூகப் பிள்ளைகளும் உண்மையில் சந்திப்பது பள்ளிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பல இடங்களில் ஒருநாள் உல்லாசப் பயணத்தோடு விஷயம் முடிந்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் பகிர்வுக் கல்வி. இரு பள்ளிகளும் தத்தம் அடையாளத்தோடு இருக்கும், ஆனால் சில பாடங்களைச் சேர்ந்து நடத்தும். தன் பள்ளியில் இல்லாத பாடத்தைப் படிக்க மாணவர் வாராவாரம் மற்றப் பள்ளிக்கு நடந்து போவார். சந்திப்பு அங்கே காட்சிப் பொருளாக இல்லாமல் மதிப்பெண்ணோடு சேர்ந்த அன்றாட வேலையாகிறது. 2016-இல் வந்த பகிர்வுக் கல்விச் சட்டம் ஒரு முக்கியமான காரியம் செய்தது. வேறுவேறு மத நம்பிக்கை உள்ளவர்கள் சேர்ந்து படிப்பதோடு, வறுமையில் உள்ளவர்களும் அல்லாதவர்களும் சேர்ந்து படிப்பதையும் பகிர்வுக் கல்வியின் இலக்கணமாகவே அது வகுத்தது. புரிதலையும் சமத்துவத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போட்ட சட்டம் அது. இம்முயற்சிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைதி நிதியும் உதவியிருக்கிறது.

மற்றக் கேள்விகள்

மனம் திறந்தவர்கள்தாமே போகிறார்கள், போய்வந்தபின் அவர்கள் திறந்த மனத்தோடு இருப்பதில் என்ன அதிசயம் என்பது பலரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. யூலியா சிம்மர்மனும் ஃப்ரான்ஸ் நேயரும் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பதில் தருகிறது. வெளிநாடு போனவர்களையும் போகாதவர்களையும் அவர்கள் முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். போகிறவர்கள் தொடக்கத்திலேயே ஓரளவு வேறுபட்டவர்கள் என்பது உறுதியானது. ஆனால் போய்வந்தபின் அவர்களிடம் புதியதை ஏற்கும் குணமும் இணக்கமும் மேலும் கூடியிருந்தன, போகாதவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு, அங்கே கிடைத்த புதிய நண்பர்களால் வந்தது. இது பல்கலைக்கழக வயதினரைப் பற்றிய ஆய்வு, பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் இரண்டு பாடங்கள் தெளிவு. மாற்றம் உண்மையானது. அதைக் கொண்டுவருவது பார்த்த இடங்களைவிடப் பழகிய மனிதர்கள். தானாக முன்வருகிறவர்களை மட்டும் அனுப்பாமல் வகுப்பு முழுவதையும் அழைத்துப் போக வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம். பல்கலைக்கழகத்தில் செய்ய முடியாத இதைப் பள்ளியில் செய்ய முடியும்.

பிள்ளைகளின் மனத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசியலைத் திணிக்கும் வேலை இது என்று குற்றம் சாட்டுகிறவர்களும் உண்டு. பாரிஸில் சார்லி எப்தோ இதழ் அலுவலகம் தாக்கப்பட்ட பிறகு, 2015 மார்ச் 17 அன்று ஐரோப்பியக் கல்வி அமைச்சர்கள் பாரிஸில் கூடி, சுதந்திரம், சகிப்புத்தன்மை, பாகுபாடின்மை ஆகியவற்றைக் கல்வியின் வழியே வளர்ப்பதாக அறிவித்தார்கள். இதைத் திணிப்பு என்பவர்களின் கவலையில் ஓரளவு உண்மை இருக்கிறது. பழைய உறுப்பு நாட்டுப் பள்ளி ஆசிரியராகவும் புதிய உறுப்பு நாட்டுப் பள்ளி மாணவனாகவும் நடத்தப்படும் திட்டத்தில், பெண்ணுரிமை பற்றிச் சொல்லும் நல்ல செய்திகூட மேல்கீழ் உறவின் கசப்போடுதான் போய்ச் சேரும். தீர்வு அந்தச் செய்தியை விட்டுவிடுவதல்ல. இரு பள்ளிகளும் தத்தம் ஊரின் குறைகளை மேசைமேல் வைக்க வேண்டும். நம் ஊராட்சியில் எத்தனை பெண்கள், சமையலறையில் எத்தனை ஆண்கள், நம் வகுப்பில் எந்தச் சமூகத்துப் பிள்ளை தனியாக உட்காருகிறது என்று இரு தரப்பும் ஒரே கேள்வித்தாளோடு தங்கள் ஊரை ஆராய்ந்து வந்து ஒப்பிடும்போது யாரும் யாருக்கும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. எந்த ஊரும் கணக்கில் முழு மதிப்பெண் வாங்காது. அதுவே நேர்மையான உரையாடலின் தொடக்கம்.

இணையம் இருக்கும்போது பஸ்ஸும் ரயிலும் எதற்கு என்ற கேள்வியும் உண்டு. 2005-இல் தொடங்கிய இ-ட்வின்னிங் வலைத்தளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பயணச் செலவில்லாமல் பள்ளிகள் சேர்ந்து வேலை செய்ய அது வழி தருகிறது. கிராமத்துச் சிறு பள்ளிக்கும் கதவு திறப்பது அதன் பெரிய பலம். ஆனால் திரையில் பிள்ளைகள் தயாரித்துக்கொண்டு வந்து பேசுகிறார்கள். சாப்பாட்டு மேசையில், படுக்கை அறையில், வழி தவறி நிற்கும் தெருமுனையில்தான் தயாரிக்காத பேச்சு நடக்கிறது, நட்பும் அங்கேதான் வேர் பிடிக்கிறது. ஆக இணையம் பயணத்துக்கு மாற்று அல்ல, அதற்கு முன்னும் பின்னும் தேவைப்படும் வேலை. முன்பின் பேசாமல் போய் இறங்கும் குழு முதல் இரண்டு நாளைக் கூச்சத்திலேயே கழித்துவிடும்.

பரிமாற்றத்தில் கொடுப்பதும் பெறுவதும் இரண்டும் வேண்டும் என்பதை பிரிட்டனின் அனுபவம் காட்டுகிறது. ஒன்றியத்தை விட்டு விலகியபோது பிரிட்டன் எராஸ்மஸ் பிளஸ்ஸையும் விட்டது. 2021 முதல் டூரிங் திட்டம் அதன் இடத்துக்கு வந்தது. வசதி குறைந்த மாணவர்களுக்குக் கூடுதல் உதவி, உலகம் முழுவதற்கும் வாய்ப்பு என்று அதில் நல்ல அம்சங்கள் இருந்தன. ஆனால் வெளியே போகும் பிரிட்டன் மாணவருக்குத்தான் அதில் பணம் உண்டு, உள்ளே வருபவருக்கு இல்லை. வேல்ஸ் அரசு இதை ஏற்காமல், 2022-இல் வருவோருக்கும் போவோருக்கும் உதவும் டைத் என்ற தனித் திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டன் 2027-இல் எராஸ்மஸ் பிளஸ்ஸுக்குத் திரும்புவது என்று 2025 இறுதியில் முடிவாயிற்று. போகும் பிள்ளைக்கு மட்டும் செலவழிக்கும் நாடு தன் பிள்ளைக்கு அனுபவம் வாங்கித் தருகிறது. வரும் பிள்ளைக்கும் செலவழிக்கும் நாடு தன் வகுப்பறையில் வீட்டிலேயே இருந்துவிட்ட முப்பது பேருக்கும் சேர்த்து அந்த அனுபவத்தைத் தருகிறது. போக முடியாதவர்களைப் பற்றிக் கவலைப்படுகிற எவரும் இரண்டாவதையே தேர்வார்கள்.

எனவே ஒரு பள்ளியோ அரசோ பரிமாற்றத் திட்டத்தைப் பற்றிப் பெருமை பேசும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. வகுப்பு முழுவதும் போனதா, தேர்ந்தெடுத்த சிலரா? வசதியில்லாத பிள்ளைக்கும் குடியுரிமை இல்லாத பிள்ளைக்கும் வழி செய்யப்பட்டதா? இரு தரப்பும் திட்டத்தைச் சேர்ந்து வகுத்தார்களா? சேர்ந்து முடிக்க வேண்டிய ஒரு வேலை அவர்கள் கையில் இருந்ததா? போய்வந்த பள்ளி தன் சொந்தச் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பார்த்ததா? இவற்றுக்கு ஆம் என்று பதில் சொல்ல முடிந்த இடங்களில், மூன்று போர் கண்ட எல்லையைக்கூடப் பள்ளிப் பிள்ளைகள் சாதாரணமாகக் கடக்கும் நிலை அறுபது ஆண்டுகளில் வந்திருக்கிறது. இல்லை என்று பதில் வரும் இடங்களில் திட்டத்தை நிறுத்தச் சொல்வது தவறு. அடுத்த முறை பஸ்ஸில் ஏறாதவர்களின் பெயர்களைக் கொண்டு பட்டியலைத் தொடங்கச் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் 2,600 கோடி யூரோவைச் செலவழிக்க இதைவிட நியாயமான வழி இல்லை.